பட்டியலில் இல்லாத விருந்தாளிகள்

என்.ஆர்.ஐ. என்னும் மூன்றெழுத்தை அறியாத தமிழ்க் குடும்பம் இன்று இருக்க முடியாது. வங்கிக் கணக்கிலும் வரன் விளம்பரத்திலும் அவ்வெழுத்துகளுக்கு உள்ள மதிப்பே தனி. அதே மூன்றெழுத்துக்கு அமெரிக்க நாட்டின் பேஸ்பால் உலகில் முற்றிலும் வேறான பொருள் ஒன்று உண்டு என்பதை 2023ஆம் ஆண்டில்தான் நாம் அறிந்துகொண்டோம். வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கும் அதற்கும் தொடர்பில்லை. பட்டியலில் பெயர் இல்லாதவர், ஆயினும் பயிற்சி முகாமுக்கு அழைக்கப்பட்டவர் என்பதே அங்கு அதன் பொருள். பெயர் இல்லை, ஆனால் அழைப்பு உண்டு! பிறந்த மண்ணைவிட்டு வந்து, குடும்ப அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும் பெயரேற்ற ஆண்டுக்கணக்கில் வரிசையில் நின்ற நம்மைப் போன்றோர்க்கு இத்தொடரைக் கேட்ட மாத்திரத்திலேயே அதன்மேல் ஒரு நேசம் பிறந்துவிடுவது இயல்புதானே.

ஆண்டு மலரில் இலக்கியம் பேசாமல் பந்தாட்டம் பேசுவானேன் என்று அன்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். சற்றே பொறுத்தருள வேண்டுகிறோம்.

நம் மைத்துனர் அரிசோனா மாநிலத்துச் சாண்ட்லர் நகரில் பொறியாளராக இருக்கிறார். அவர் இல்லத்தில் மகப்பேறு நேர்ந்தபோது உதவிக்கு நம் இல்லத்தரசி செல்ல வேண்டியதாயிற்று. தனியே அனுப்ப மனமின்றி நாமும் உடன் புறப்பட்டோம். அரசு ஊழியன் அயல்நாடு செல்வதென்றால் விமானச் சீட்டு வாங்குவது எளிது, துறையின் அனுமதி வாங்குவதே அரிது. எத்தனை நாள், எதற்காக, செலவு யாருடையது என்று படிவம் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் விடையெழுதி, ஈட்டிய விடுப்பில் இருபத்தெட்டு நாள் பெற்று, மார்ச் மாதத் தொடக்கத்தில் அங்கே இறங்கினோம். பாலைவன ஊர் அது. வேலியோரத்தில் ஆளுயரக் கள்ளி. காலையில் நம் மார்கழியை ஒத்த குளிர், நண்பகலில் இதமான வெயில். அந்த வெயிலுக்காகத்தான் பேஸ்பால் அணிகள் அங்கே வருகின்றன என்று மைத்துனர் சொல்லத் தெரிந்துகொண்டோம்.

அமெரிக்காவின் மேஜர் லீக் எனப்படும் மேல்நிலைப் போட்டியில் 30 அணிகள் உள்ளன. வடபுலத்து நகரங்கள் இன்னும் பனியில் உறைந்து கிடக்கும் பிப்ரவரி நடுவில், 15 அணிகள் புளோரிடாவுக்கும் 15 அணிகள் அரிசோனாவுக்கும் பயிற்சிக்காக வந்துவிடுகின்றன. புளோரிடாவில் ஆடும் ஆட்டங்களுக்குக் கிரேப்ஃப்ரூட் லீக் என்று பெயர். அஃது நம்மூர்ப் பம்பளிமாஸுக்கு உறவான கனி. அரிசோனாவில் ஆடுவது கள்ளிச்செடியின் பெயரால் காக்டஸ் லீக். முதலில் பந்தெறிவோரும் அவர்தம் பந்தைப் பிடிப்போரும் வருவர். சில நாள் கழித்து ஏனையோர். ஆறு வாரம் இப்படி ஆடிப் பழகிவிட்டு, மார்ச் இறுதியில் தத்தம் நகருக்குத் திரும்பி மெய்யான போட்டியைத் தொடங்குவர்.

ஒவ்வோர் அணிக்கும் நாற்பது பேர் கொண்ட பெரும்பட்டியல் ஒன்று உண்டு. அந்நாற்பதின்மருள் களத்துக்குரியோர் 26 பேர். 2020க்கு முன்பு 25ஆக இருந்தது. அலுவலக மொழியில் கூறின், நாற்பது என்பது அனுமதிக்கப்பட்ட பணியிட எண்ணிக்கை. இந்நாற்பதுக்கு மேல் இருபது முப்பது பேரை ஒவ்வோர் அணியும் முகாமுக்கு அழைக்கிறது. இவர்களே நாம் மேலே சொன்ன என்.ஆர்.ஐ.கள். மைனர் லீக் எனப்படும் கீழ்நிலை அணிகளில் ஆடும் இளைஞர் சிலர். ஒருகாலத்தில் மேலே ஆடி, வயதாலோ காயத்தாலோ இடமிழந்து, மீண்டும் ஒருமுறை கதவைத் தட்டிப் பார்க்கும் முதியோர் சிலர். முதியோர் என்றோமே, முப்பத்தைந்து வயதைத்தான் அங்கே அப்படிச் சொல்கிறார்கள்!

கோப்புகளோடு கால் நூற்றாண்டு பழகியவர்கள் நாம் ஆகையால், இவ்வேற்பாட்டில் நம்மை ஈர்த்தது ஆட்டத்தைவிட அதன் நடைமுறைச் சொற்களே. முகாமின் பாதியில் ஆட்களைக் கழிக்கத் தொடங்குவர். நாற்பதின்மருள் ஒருவரைக் கீழ்நிலைக்கு அனுப்பினால் அவர் ‘ஆப்ஷன்’ செய்யப்பட்டார் என்று அறிவிப்பு வரும். அழைப்பாளர் ஒருவரை அனுப்பினாலோ, ‘மைனர் லீக் முகாமுக்கு மறு ஒதுக்கீடு’ என்று வரும். இருவரும் மூட்டை கட்டிக்கொண்டு நடப்பது ஒரே வளாகத்தின் அடுத்த கட்டடத்துக்குத்தான். ஆனால் முன்னவர் போவது விடுப்பில் செல்வது போன்றது, பின்னவர் போவது பெயரே பதிவாகாமல் செல்வது. அழைப்பாளர் ஒருவர் அருமையாக ஆடி இடம் பிடித்துவிட்டால் மற்றொரு சிக்கல். நாற்பது நிரம்பியிருக்குமாயின், அவர் பெயரை ஏற்ற வேறு ஒருவர் பெயரை நீக்கியாக வேண்டும். உள்ளே வருபவரும் வெளியே போவோரும் அன்று காலைவரை ஒரே மேசையில் சிற்றுண்டி உண்டவர்களாக இருப்பார்கள்.

இவர்களை ஏன் அழைக்கிறார்கள்? வாய்ப்பளிப்பதற்காக என்பது பொது விடை. அது பொய்யன்று, ஆனால் முழு உண்மையும் அன்று. பந்து பிடிப்போரை எடுத்துக்கொள்வோம். கேட்சர் எனப்படும் இவர், முகக்கூண்டும் மார்புக் கவசமும் அணிந்து, மட்டையாளருக்குப் பின்னே குந்தியிருந்து, மணிக்குத் தொண்ணூறு மைலுக்கு மேற்பட்ட விரைவில் வரும் பந்தைக் கையுறையில் வாங்குபவர். முகாமில் பந்தெறிவோர் முப்பது பேருக்கு மேல் இருப்பர். ஒவ்வொருவரும் ஓரிரு நாளுக்கொருமுறை எறிந்து பழக வேண்டும். எறிந்தால் பிடிக்க ஆள் வேண்டாவா? அணியில் நிலையான கேட்சர் இருவர். பெரும்பட்டியலைப் புரட்டினாலும் மூவர் அல்லது நால்வர். ஆகவே கேட்சர்களை மட்டும் கூடுதலாக நால்வர் ஐவர் அழைப்பது ஒவ்வோர் அணியிலும் வழக்கம். அவர்களுள் பலர் அந்த ஆண்டு மேலே ஆடப்போவதில்லை என்பது அழைத்தவருக்கும் தெரியும், அழைக்கப்பட்டவருக்கும் தெரியும். பிப்ரவரி மாதத்துக் குளிர்ந்த காலையில் அவர்கள் இல்லாவிட்டால் கோடிகளில் ஊதியம் வாங்கும் எறிவீரர் சுவரைப் பார்த்துத்தான் எறிய வேண்டும்.

இவர்களுக்கும் கீழே இன்னொரு வகுப்பார் உண்டு. முகாமுக்கே அழைக்கப்படாதவர்கள், பக்கத்துத் திடல்களில் மைனர் லீக் முகாமில் பழகிக்கொண்டிருப்பவர்கள். பயிற்சி ஆட்டங்களில் புகழ்பெற்ற வீரர் ஒன்றிரண்டு முறை மட்டை பிடித்துவிட்டு, நடு ஆட்டத்திலேயே குளித்து உடைமாற்றிக்கொண்டு சென்றுவிடுவார். மீதி ஆட்டத்தை யாரேனும் ஆடி முடிக்க வேண்டுமே! அதற்காக அன்றன்று காலையில் பக்கத்துத் திடலிலிருந்து சிலரைக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். ‘ஒருவேளை தேவைப்பட்டால்’ என்பதே இவர்களுக்கு அங்கு வழங்கும் பெயர். ஒரே நாளில் அணியை இரண்டாகப் பிரித்து இரண்டு ஊர்களில் ஆடும் வழக்கமும் உண்டு. அன்று இன்னும் பலர் வேண்டும். அரிசோனாவில் எல்லாத் திடல்களும் பீனிக்ஸ் நகரைச் சுற்றியே அமைந்திருப்பதால் கவலையில்லை. புளோரிடாவில் பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணங்கள் உண்டு. பெரிய வீரர் அப்பயணங்களைத் தவிர்ப்பர், சிறியவர் ஏறிக்கொள்வர். சீட்டு வாங்கி வந்தவர் ஏமாறக்கூடாது என்று, நிலையான ஆட்டக்காரர் நால்வரேனும் வர வேண்டும் என ஒரு விதியே வகுத்திருக்கிறார்கள். நால்வர் என்று விதி எழுத வேண்டியிருந்ததிலிருந்தே மற்றவர் யார் என்பது விளங்கும்.

அப்படி ஓர் ஆட்டத்தை மேசா நகரத்து ஸ்லோன் பார்க் திடலில் கண்டோம். சிகாகோ கப்ஸ் அணியினர் 2014 முதல் பழகும் இடம் அது. நடுக்களத்துக்கு அப்பால் புல்மேடு. அங்கே விரிப்பை விரித்து அமரலாம், சீட்டும் மலிவு. நாம் புளியோதரை கட்டிக்கொண்டு போயிருந்தோம். வாயிலில் பையைத் திறந்து பார்த்த காவலர் அதை முகர்ந்து பார்த்துப் புன்னகையோடு விட்டுவிட்டார். நமக்கு அருகே வயது முதிர்ந்த தம்பதியர் ஒரு கம்பளியின்மேல் அமர்ந்திருந்தனர். ஆறு ஆட்டப் பகுதிகள் முடியுமட்டும் அவர்கள் களத்தைப் பார்க்கவேயில்லை. அம்மையார் பின்னல் வேலை செய்துகொண்டிருந்தார். ஐயா செய்தித்தாளில் ஆழ்ந்திருந்தார். எட்டாம் பகுதியில் ஒலிபெருக்கி ஏதோ ஒரு பெயரை உரைத்தது. இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். இடப்புறக் களத்தை நோக்கி ஓர் இளைஞன் ஓடி வந்தான். முதுகில் 93 என்ற எண். மற்றவர்க்கெல்லாம் எண்ணுக்கு மேலே பெயர் இருந்தது, அவனுக்கு இல்லை. அன்று காலையில் உடுத்தக் கொடுத்த சட்டை போலும்.

அவன் நின்ற பக்கம் ஒரு பந்தும் வரவில்லை. மட்டை பிடிக்க அவன் முறை வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. அவ்வாண்டுதான் எறிவதற்குக் கடிகாரக் கெடு வைத்து ஆட்டத்தை விரைவுபடுத்தியிருந்தார்கள். பார்க்க வந்தவர்க்கு நல்லது, எட்டாம் பகுதியில் நுழைந்தவர்க்கு அவ்வளவு நல்லதன்று. இரண்டு பகுதிகளும் அவன் முழங்காலை மடித்து, கையுறையைத் தட்டி, ஒவ்வோர் எறிக்கும் ஆயத்தமாக நின்றதை நாம் பார்த்தோம். முதியவர் நம் பக்கம் திரும்பி, நாம் கேளாமலே, தாங்கள் ஒன்பது மணி நேரம் காரோட்டி வந்ததாகச் சொன்னார். அம்மையார் பின்னலைப் பையில் வைத்துவிட்டுக் கைதட்டினார். அவர்களிடம் ஏமாற்றம் எதையும் நாம் காணவில்லை.

இல்லம் திரும்பும் வழியில் மைத்துனர், “அத்தான், அந்தப் பையனுக்கு இன்றைக்கு என்ன கூலி தெரியுமா?” என்று தொடங்கி ஒரு நீண்ட வரலாற்றைச் சொன்னார். பின்னர் ஊர் திரும்பி நாமும் படித்து உறுதிசெய்துகொண்டோம். நம் உறக்கத்தைக் கெடுத்தது அந்த வரலாறே.

கீழ்நிலை ஆட்டக்காரர்க்குப் பல்லாண்டுக் காலம் பயிற்சி முகாமில் சம்பளம் என்பதே கிடையாது. தங்குமிடமும் சிறு உணவுப் படியுமே. சம்பளம் பருவத்தில் மட்டும். அதுவும் ஏ வகுப்பு எனப்படும் கீழ்ப்படியில் 2020 வரை வாரத்துக்கு 290 டாலர் என்பதே குறைந்த அளவு. 2021இல் அது 500 ஆயிற்று. பருவம் ஐந்து மாதம். எஞ்சிய காலத்தில் அவர்கள் கிடங்குகளில் பெட்டி தூக்கினார்கள், வாடகைக் கார் ஓட்டினார்கள், பெற்றோர் வீட்டில் தங்கினார்கள். முகாமில் செய்வது வேலையன்று, கற்பது. ஆகவே கூலியில்லை என்பது அணி உரிமையாளர் வாதம்.

இவ்வாதத்தை எதிர்த்து நின்றவருள் ஒருவர் கேரட் ப்ராஷுயிஸ். சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணியின் கீழ்நிலை அணிகளில் பல ஆண்டுகள் பந்தெறிந்தவர். மேல்நிலையில் ஒரு நாளும் ஆடாதவர். ஆட்டத்தை விட்டபின் சட்டம் படித்தார். 2014இல் ஏரன் சென் என்னும் முன்னாள் ஆட்டக்காரரும் மற்றும் சிலரும் தொடுத்த வழக்கில் அவர்கள் சார்பில் வாதாடினார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 2018 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய பெரியதொரு செலவுச் சட்டத்துக்குள், கீழ்நிலை ஆட்டக்காரரைக் கூலிச் சட்டத்தின் பெரும்பாலான பாதுகாப்பிலிருந்து விலக்கும் பிரிவொன்று நுழைந்தது. ‘அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காக்கும் சட்டம்’ என்று அதற்குப் பெயர்! சட்டங்களுக்குப் பெயர் வைக்கும் கலையில் எந்நாடும் எந்நாட்டுக்கும் இளைத்ததன்று. எனினும் வழக்கு நின்றது. பயிற்சியும் வேலையே, அதற்கும் கூலி உண்டு என்னும் திசையில் 2022 மார்ச்சில் நீதிபதி தீர்ப்பளித்தார். அவ்வாண்டே அணி உரிமையாளர்கள் 18 கோடியே 50 லட்சம் டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டனர். 2022 செப்டம்பரில் கீழ்நிலை ஆட்டக்காரர் தொழிற்சங்கத்தில் இணைந்தனர். 2023 மார்ச் இறுதியில், நாம் மேசாவில் புல்மேட்டில் அமர்ந்திருந்த அதே மாதத்தில், அவர்களது முதல் ஒப்பந்தம் கைகூடிற்று. மேல்நிலைக்கு அடுத்த படியான ட்ரிபிள்-ஏ வகுப்பில் ஆண்டுக்குக் குறைந்தது 35,800 டாலர்; பயிற்சிக் காலத்துக்கும் ஊதியம். அவ்வாண்டு மேல்நிலை ஆட்டக்காரரின் குறைந்த ஊதியம் 7,20,000 டாலர். இருபது மடங்கு. இடையே இருப்பது ஒரு பட்டியல்.

உறக்கம் கெட்டது என்றோம். 2001 முதல் 2004 வரை நாமும் ஓர் அலுவலகத்தில் தினக்கூலிக்கு எழுத்து வேலை பார்த்தவர்கள். வருகைப் பதிவேட்டில் நம் பெயர் இராது. மஸ்டர் ரோல் என்னும் தனித்தாளில் இருக்கும். எண்பத்தொன்பது நாள் முடிந்ததும் ஒரு நாள் இடைவெளி விட்டு மீண்டும் புதிதாக அமர்த்துவார்கள்; தொண்ணூறு நிறைந்தால் உரிமை பிறந்துவிடுமாம். பொங்கல் முன்பணம் கேட்கும் வரிசையில் நமக்கு இடமில்லை. ஆண்டுக் கணக்கை முடிக்கும் மார்ச் மாதத்து இரவுகளில் மட்டும் நம்மை விட்டால் ஆளில்லை. “இங்கே உங்களுக்குக் கற்றுக்கொள்ள நல்ல வாய்ப்பு” என்று மேலதிகாரி சொல்வார். கற்றுக்கொண்டோம், மறுக்கவில்லை. அதை வைத்தே பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வில் வென்று வேறிடம் சென்றோம். நம்மோடு இருந்த சாத்தாராக்காரர் ஒருவர் அங்கேயே தங்கிவிட்டார். முறையான வழியில் அமர்த்தப்படாதவர் நிரந்தரம் கோர முடியாது என்று 2006 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உமாதேவி வழக்கில் தீர்ப்பளித்தபோது, பத்தாண்டு பணி செய்தோர் சிலர்க்கு ஒரு முறை மட்டும் வழி விட்டது. அவருக்கு அப்போது ஏழாண்டு. அதற்கடுத்த ஆண்டும் மார்ச் மாதத்தில் அவர் இரவு பத்து மணிவரை இருந்தார் என்று கேள்விப்பட்டோம்.

ஆதலால் பயிற்சியா வேலையா என்னும் வினாவில் நமக்கு ஐயம் இல்லை. யாருக்கு அது தேவைப்படுகிறதோ அவர் வாயால் ‘வாய்ப்பு’ என்று கேட்கும்போதெல்லாம் நாம் சற்று நிதானிக்கிறோம்.

அழைப்பே பொறியாக மாறிய ஆண்டும் ஒன்று உண்டு. 1994 ஆகஸ்டு 12 அன்று மேல்நிலை ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். அவ்வாண்டு இறுதிப் போட்டியே நடைபெறவில்லை. 1995 வசந்தத்தில் உரிமையாளர்கள் மாற்று ஆட்டக்காரர்களைக் கொண்டு முகாமை நடத்தினர். கீழ்நிலையில் பல்லாண்டு வாடியவர்க்கு ஒரே நாளில் பெரிய சட்டையை அணியும் அழைப்பு! போனவர் பலர், மறுத்தவரும் பலர். முந்திய ஆண்டில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் முகாமுக்குப் பட்டியலில் இல்லாத விருந்தாளியாக வந்து உலகையே திரும்பிப் பார்க்க வைத்த கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன், மாற்று ஆளாக ஆட விரும்பாது விலகிக் கூடைப்பந்துக்கே திரும்பினார். அவரால் முடிந்தது. மாதம் ஆயிரம் டாலரில் வாழ்ந்தவனுக்கு அம்முடிவு அத்தனை எளிதாக இருந்திராது. 1995 மார்ச் 31 அன்று சோனியா சோட்டோமேயர் என்னும் நீதிபதி உரிமையாளருக்கு எதிராகத் தடையாணை பிறப்பிக்க, வேலைநிறுத்தம் முடிந்தது. 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தவர் அவரே. மாற்று ஆட்டக்காரர்கள் வந்த வழியே திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களைச் சங்கம் பின்னர்ச் சேர்த்துக்கொள்ளவேயில்லை. அவர்களுள் ஒருவரான கெவின் மில்லர் 2004இல் பாஸ்டன் அணியோடு கோப்பையை வென்றபோதும் சங்க உறுப்பினராக இல்லை. ரயில்வேயில் பணியாற்றிய நம் தந்தையார், 1974 மே மாதத்து வேலைநிறுத்தத்தின்போது பணிக்குச் சென்ற அண்டை வீட்டார் ஒருவரைப் பற்றிச் சொல்வதுண்டு. பதினைந்து ஆண்டுகள் கழித்தும் அவர் வீட்டுத் திருமணத்துக்குச் சிலர் மொய் மட்டும் அனுப்பிவிட்டுச் சாப்பிடாமல் இருந்தார்களாம். அவருக்கு மூன்று பெண்கள், மனைவிக்குக் காசநோய் என்பதையும் தந்தையார் சொல்லத் தவறியதில்லை.

பட்டியலுக்கு வெளியே நின்றவர் எல்லாரும் வெளியிலேயே நின்றுவிடவில்லை. ஆர்.ஏ. டிக்கி என்பவரின் கதை நம்மைப் போன்ற மும்பைவாசிகளுக்கு உரியது. 1996இல் அவரை ஒப்பந்தம் செய்ய டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி 8,10,000 டாலர் பேசியது. மருத்துவச் சோதனையில், எறியும் கையின் முழங்கையில் இருக்க வேண்டிய தசைநார் ஒன்று அவருக்கு இல்லவே இல்லை என்று தெரிந்ததும் 75,000 ஆகக் குறைத்தது. பல ஆண்டு மேலும் கீழும் அலைந்தார். விரல் நுனியால் சுழற்சியின்றி எறியும் ‘நக்கிள்பால்’ என்னும் பந்தைப் பழகினார். 2010இல் நியூயார்க் மெட்ஸ் அணி அவரைக் கீழ்நிலை ஒப்பந்தத்தில் முகாமுக்கு அழைத்தது. அம்முகாமில் முதன்முதலில் கழிக்கப்பட்டவரும் அவரே. வயது முப்பத்தைந்து. கீழே போய் ஓர் ஆட்டத்தில் முதல் மட்டையாளருக்கு ஓர் அடி விட்டுக்கொடுத்து, அடுத்த இருபத்தெழுவரையும் வரிசையாக வீழ்த்தினார். மே மாதம் மேலே அழைத்துக்கொண்டார்கள். 2012இல் இருபது வெற்றி பெற்று, எறிவீரர்க்குரிய உயரிய விருதான சை யங் விருதை வென்றார். அவ்வாண்டு ஜனவரியில் அவர் கிளிமஞ்சாரோ மலையேறி நிதி திரட்டியது, நம் நகரத்தில் விற்கப்பட்ட பெண்களை மீட்கும் ஓர் அமைப்புக்காக. 2013 ஜனவரியில் தம் பெண்மக்களை அழைத்துக்கொண்டு மும்பைக்கு நேரிலும் வந்து சென்றார். நாமும் அன்று இவ்வூரில்தான் இருந்தோம், யாரென்று அறிந்தோமில்லை.

நம் நாட்டு இளைஞர் இருவரும் அம்முகாம் வாசலை மிதித்திருக்கிறார்கள். உத்தரப்பிரதேசத்து ஈட்டி எறி வீரர்களான ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் இங்கு நடந்த ஒரு போட்டியில் தேர்ந்து, 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் கீழ்நிலை ஒப்பந்தம் பெற்றனர். போட்டிக்கு முன் அவர்கள் பேஸ்பால் ஆடியதே இல்லை. 2014இல் வந்த ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ திரைப்படம் அவர்கள் கதை. இசை நம் ஏ.ஆர். ரகுமான். ஒப்பந்தத்தோடு படம் இனிது முடிந்துவிடுகிறது. தினேஷ் 2010இல் விடுவிக்கப்பட்டார். ரிங்கு காயங்களோடு சில ஆண்டு போராடிவிட்டுப் பின்னர் மற்போர்க் காட்சிகளுக்குச் சென்றார். மேல்நிலைப் பட்டியலில் இருவர் பெயரும் ஏறவில்லை.

நிற்க. இவ்வளவையும் அசைபோட வேண்டிய தேவை நமக்குச் சென்ற ஆண்டு வந்தது. நம் மூத்த மகன் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவன். இடக்கை வேகப் பந்துவீச்சாளன். கிரிக்கெட் அணியொன்றின் பயிற்சிக்கு வலைப்பந்து வீச ஐந்து நாள் வர இயலுமா என்று அவன் பயிற்றுநர் வழியாகக் கேட்டிருந்தார்கள். வீடே இரண்டுபட்டது. “பெரிய ஆட்டக்காரங்க அடிச்சுப் பழக ஒரு ஆள் வேணும். அதுக்கு இவனைக் கூப்பிடறாங்க. தேர்வை விட்டுட்டுப் போக இதிலே என்னங்க பெருமை?” என்றார் நம் இல்லத்தரசி. அவர் கூறியதில் ஓரெழுத்தும் தவறில்லை. சேலத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் 2020இல் ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பந்து வீசவே சென்று, அதே பயணத்தில் மூன்று வகைப் போட்டிகளிலும் இந்தியாவுக்காக ஆடினார் என்று மகன் வாதிட்டான். அதிலும் தவறில்லை. ஆனால் உடன் சென்ற வலைப்பந்து வீச்சாளர் அத்தனை பேரும் நடராஜன் ஆகவில்லை என்று தாய் விடையிறுத்தார்.

நாம் மேசாவின் 93ஆம் எண்ணை நினைத்துக்கொண்டோம். மஸ்டர் ரோலையும் நினைத்துக்கொண்டோம். போகலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டு வரச் சொன்னோம்: வண்டிச் செலவும் நாட்படியும் உண்டா? பந்து பட்டுக் காயமானால் மருத்துவச் செலவு யாருடையது? கேட்டால் அழைப்பே போய்விடும் என்று அவன் அஞ்சினான். போனால் போகட்டும் என்றோம். தயங்கித் தயங்கித் தொலைபேசியில் கேட்டான். எதிர்முனையில் இருந்தவர் வியப்பின்றி, நாட்படி இவ்வளவு, மதிய உணவு உண்டு, களத்தில் மருத்துவர் இருப்பார் என்று வரிசையாகச் சொல்லிவிட்டார். கேட்டவர்க்குச் சொல்ல அவரிடம் விடை ஆயத்தமாகவே இருந்தது.

தாய் அதன்பின் தடுக்கவில்லை. ஐந்து நாளும் விடியற்காலையில் குரு தேக் பகதூர் நகர் நிலையத்தில் லோக்கல் வண்டியைப் பிடித்தான். தயிர்சாதம் வேண்டா, அங்கேயே சாப்பாடு என்று சொல்லியும் அவர் கட்டித்தான் கொடுத்தார். தேர்வுக்கு இரவில் படித்தான். பெரிய மட்டையாளர் ஒருவர் அவன் பந்தில் ஒருமுறை தடுமாறினாராம். மற்றபடி அடி வாங்கியதே மிகுதி என்றான். ஐந்தாம் நாள் கையொப்பம் வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்து, பெயரையும் கைப்பேசி எண்ணையும் ஒரு பட்டியலில் குறித்துக்கொண்டார்களாம்.

என்ன பட்டியல் என்று கேட்டோம். அது தெரியாது அப்பா என்றான்.